வெட்டிவிட்ட எர்த்

இசக்கிப்பாண்டியின் வீட்டில் இரண்டே இரண்டு பிளக் பாயின்ட்தான். ஒன்றில் சளி உறிஞ்சும் மெஷின் மாட்டியிருந்தது. அதைப் பிடுங்கவே கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மிச்சமிருந்த ஒன்றைக் குரல் பதிவு மெஷினுக்கு எடுத்துக்கொண்ட ஆவுடையப்பன், மைக் மிக்ஸருக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்தார். இரண்டு வீட்டுக் கரண்டு, இரண்டு வீட்டு எர்த். இதில் என்ன வம்பு வரும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். ஆனால் வேறு வழியில்லை.

அப்போது காலை மணி பத்தேகால். இரண்டு வாரத்துக்கு முன்பு பூவலிங்கபுரம் சாயக் கெமிக்கல் ஆலையில் தொட்டி கழுவ இறங்கிய மூன்று பேரில் இரண்டு பேர் உள்ளேயே செத்துப்போனார்கள். மூன்றாவது ஆள் இசக்கிப்பாண்டி. நுரையீரல் வெந்து, பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார். விஷவாயு அலாரத்தைக் கத்தவிடாமல் அமர்த்தி வைத்ததே அவர்தான் என்று ஆலை நிர்வாகம் சொல்லிக்கொண்டிருந்தது. செத்த இருவரில் ஒருவன் ஒரிசாப் பையன். கேட்க இங்கே ஆளில்லை. இன்னொருவர் இதே தெருச் சின்னத்தம்பி. அவர் மனைவி பிரமாச்சி, இசக்கிப்பாண்டியை ஆம்புலன்ஸிலிருந்து இறக்கிய அன்றைக்கே அந்த வாசலில் நின்று ஒரு பிடி மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போயிருந்தாள்.

ஆகவே சாகக் கிடக்கிற மனிதருக்கு ஒரே ஒரு வேலை பாக்கியிருந்தது. அலாரத்தை அமர்த்தியது யார் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். அது செல்லுபடியாகிற விதத்தில் சொல்ல வேண்டும்.

"அண்ணாச்சி, இம்புட்டு ஒயரு எதுக்கு? போன்ல பிடிச்சா ஆகாதா? அவியளுக்குப் பேசவே மூச்சு இல்ல" என்றாள் சங்கரவடிவு. இசக்கிப்பாண்டியின் மனைவி. புருஷனின் உதட்டை ஈரத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆகாது தாயி. போன் பேட்டரில ஓடுது. கரண்டுல ஓடுத மெஷின்ல, உரிமம் உள்ளவன் பிடிச்சாத்தான் செல்லும்" என்றார் ஆவுடையப்பன், ஜாக்கைத் திருகிக்கொண்டே. "இப்பத்தான் யாரு குரல வேணும்னாலும் யாரும் சமைச்சிருதானே. அதனால வந்த சட்டம். கரண்டு செகண்டுக்கு அம்பது தடவ துடிக்கும்னு பேரு. ஆனா சரியா அம்பது கிடையாது, கொஞ்சம் ஏறும், கொஞ்சம் எறங்கும். அதோட கவர்மென்டும் தன் பங்குக்கு ஒரு நடுக்கத்தப் போட்டு அனுப்புதான். இந்த நிமிஷம் எப்பிடி நடுங்குச்சோ, இனி ஒரு நாளும் அப்பிடி நடுங்காது. அந்த நடுக்கம் பதிவுக்குள்ள பைய ஏறி உக்காந்துக்கிடும். கோர்ட்டு மெஷின் அதப் பாத்து, இது இன்ன நாளு இன்ன மணிக்குப் பிடிச்சதுதான்னு சொல்லிரும்."

"நாடி பிடிச்சுப் பாக்க மாதிரியா?"

"பேரே மின்நாடிதான்."

"அப்ப இவிய நாடியவிட கரண்டு நாடிதான் பெருசுன்னு சொல்லுங்க."

ஆவுடையப்பன் அடுத்த ஜாக்கை எடுத்தார். அந்தச் சட்டம் வந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. வாய்ச்சாட்சி பிறழும், கையெழுத்து மாறும், மின்நாடி பொய் சொல்லாது என்று சட்டமன்றத்தில் சொல்லிக் கொண்டுவந்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு நாடி உள்ள பதிவுக்கு முன்னால் மனிதர் வந்து வாயால் சொல்வதை யாரும் எழுதிக்கொள்வதே இல்லை. கரண்டு போன நேரத்தில் செத்தவன் சொன்னது செல்லவில்லை. மலையடிவாரத்தில் சொந்தச் சூரியப் பலகையில் ஓடும் ஊர்க்காரர்கள், வாக்குமூலம் கொடுக்க முப்பது மைல் பஸ் ஏறி வந்தார்கள். கோயிலுக்கும் சர்ச்சுக்கும் மைக் கட்டிக்கொண்டிருந்த ஆவுடையப்பன் போன்றவர்கள் பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, சான்றுப் பதிவாளர் ஆனார்கள்.

ஒயரெல்லாம் மாட்டி முடித்து ஹெட்போனைக் காதில் வைத்ததும் எதிர்பார்த்தபடியே வந்தது உறுமல், கரண்டு துடிக்கிற சத்தம். ஷீல்டு ஒயரில் நடுக்கம்பியைச் சுற்றி வலைபோல ஒரு செம்பு உறை இருக்கும். வெளி இரைச்சல் உள்ளே புகாமல் காக்கிற வேலி அது. அந்த வேலியின் இரண்டு முனையையும் இரண்டு வேறு எர்த்தில் கட்டிவிட்டால், ஒரு வீட்டு எர்த்திலிருந்து மறு வீட்டு எர்த்துக்குக் கரண்டு வேலி வழியாகவே ஓட ஆரம்பித்துவிடும். காக்க வந்ததே கத்தும்.

"உங்க பேரச் சொல்லுங்க, தம்பி."

இசக்கிப்பாண்டியின் உதடு அசைந்தது. ஹெட்போனில் 'க்கி' என்பது மட்டும் கேட்டது. மற்றதையெல்லாம் உறுமல் தின்றுவிட்டது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இன்னொரு தடவை சொல்ல அந்த மனிதருக்கு இரண்டு நிமிஷம் மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

ஆவுடையப்பன் யோசித்தார். உறுமல் வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் உறுமலுக்கு அடியில் சொல்லே இல்லாவிட்டால் நாடியை வைத்து யார் என்ன செய்வது? உறுமலைக் குறைத்தாலும் காதுக்குக் கேட்காத அளவில் கொஞ்சம் நாடி எப்படியும் ஒட்டிக்கொண்டிருக்கும். கோர்ட்டு மெஷினின் காது மனிதர் காதைவிடக் கூர்மையானது. அப்படித்தான் அவர் கணக்குப் போட்டார். கட்டரை எடுத்து, பதிவு மெஷின் பக்கத்து ஜாக்கைப் பிரித்து, செம்பு உறையை வெட்டி, டேப் சுற்றி மூடினார். எர்த் இனி மிக்ஸர் முனையில் மட்டும். ஃபேனையும் டியூப் லைட்டையும் அணைக்கச் சொன்னார். முப்பது வருஷமாக உறுமலைக் கொன்றே பழகிய கை. வேலையை அரைகுறையாகச் செய்ய அதற்குத் தெரியாது.

பத்தே முக்காலுக்குத் தொடங்கிப் பதினொரு நிமிஷம் ஓடியது பதிவு. "அலாரம்... நான் அமத்தல. மேனேஜர் ஆளு... அமத்துனான். ரெண்டு நாளா... அது கத்திக்கிட்டே கிடந்துச்சு... வேல கெடுதுன்னு..." மூன்று சொல்லுக்கு ஒரு மூச்சு. அந்த மூச்சு இழுபடுவதுகூடக் கண்ணாடிபோலத் துல்லியமாக விழுந்தது. கருவிகளைக் கட்டும்போது, இவ்வளவு சுத்தமான பதிவை இதுவரை எடுத்ததில்லை என்று ஆவுடையப்பனுக்குத் தோன்றியது.

மறுநாளைக்கு மறுநாள் இசக்கிப்பாண்டி செத்துப்போனார்.

*

வக்கீல் ரஹ்மத் நிஷாவின் அலுவலகத்தில் ஒரு சின்னச் சோதனை மெஷின் உண்டு. தாக்கல் செய்வதற்கு முன்னால் எதையும் அதில் ஓட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். கருமாதி முடிந்த நாலாம் நாள் ஆவுடையப்பனை வரச் சொன்னார்.

"அண்ணாச்சி, இதுல நாடியே இல்லையே."

"கொஞ்சமாவது இருக்கணுமே, வக்கீலம்மா."

"துளிகூட இல்ல. 'செயற்கைக் குரல்'னு வருது, பாருங்க. இது எதிராளி கையில கிடைச்சா, சாட்சி சமைச்சோம்னு நம்ம ரெண்டு பேரையும் உள்ள வச்சிருவான்." அவர் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இம்புட்டுச் சுத்தமாப் பிடிங்கன்னு யாரு உங்கள்ட்ட கேட்டா?"

ஆவுடையப்பன் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்ப எடுக்க ஆள் இல்லை. அந்த மனிதர் கடைசி மூச்சையெல்லாம் செலவழித்துச் சொன்னதை, ஒரு கட்டரும் ஒரு முழம் டேப்பும் இல்லாமலாக்கிவிட்டன.

"அன்னைக்கு வேற மெஷின் ஏதும் ஓடுச்சா?" என்று கேட்டார் வக்கீல்.

"ஓடுச்சு" என்றார் ஆவுடையப்பன். தன் வாயிலிருந்துதான் அது வந்தது என்பது அவருக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. "ரெண்டாவது மெஷின் ஒண்ணு. வீட்டுல கிடக்கு."

ரஹ்மத் நிஷா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கொண்டாங்க" என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

அப்படி ஒரு மெஷின் கிடையாது. ஆனால் அதே நாள், அதே நேரத்தில், நாலு தெரு தள்ளிக் கல்யாண மண்டபத்தில் அவருடைய கூட்டாளி செல்லையா ஒரு முகூர்த்தத்துக்கு ஒலிபெருக்கி கட்டியிருந்தான். செல்லையா எந்த ஒயரிலும் எந்த எர்த்தையும் வெட்டியவனில்லை. அவன் எடுத்த பதிவில் ஐயர் மந்திரத்தைவிட உறுமல் உரக்கக் கேட்கும். அதற்காக அவனை ஆவுடையப்பன் திட்டாத நாளில்லை.

அன்று மத்தியானம் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். கல்யாணப் பதிவில் பத்தே முக்காலிலிருந்து பதினொரு நிமிஷத்தை எடுத்தார். பேச்சையும் பாட்டையும் அரித்துக் கழித்து, உறுமலை மட்டும் நிறுத்தினார். அதை இசக்கிப்பாண்டியின் குரலுக்கு அடியில் பாய் விரிப்பதுபோல விரித்தார். சொன்னது பொய்யா? இல்லை. சொன்ன ஆள் பொய்யா? இல்லை. நேரம் பொய்யா? அதுவும் இல்லை. உறுமல் ஒன்றுதான் வேறு கட்டடத்து உறுமல். ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தும் எங்கேயும் குற்றம் அகப்படவில்லை.

திருநெல்வேலித் தீர்ப்பாயத்தின் மெஷின் நாற்பது செகண்டில் சொல்லிவிட்டது: நாடி பொருந்துகிறது. இரண்டு வாய்தாவில் தீர்ப்பு வந்தது. அலாரத்தை அமர்த்தியது ஆலை நிர்வாகம்.

*

தீர்ப்பு வந்த அன்று பஸ் ஸ்டாண்டில் டீக்கடை ஓரமாக நின்றபோது சங்கரவடிவு சொன்னாள்: "அண்ணாச்சி, ஒண்ணு கேப்பேன். கோவிச்சுக்கிடக் கூடாது."

"கேளு தாயி."

"கோர்ட்டுல போட்டுக் காட்டுனாவளே, அதுல அவிய 'வேல கெடுது'ன்னு சொல்லுத எடத்துல அடியில நாகசொரம் கேக்கு. கெட்டிமேளமும் கேக்கு. அவிய மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டுக் கிடக்கையில எங்க தெருவுல எவன் மேளம் அடிச்சான்?"

ஆவுடையப்பன் கையிலிருந்த டீயைக் குடிக்காமல் நின்றார். அவர் கடைக்குள் பத்துத் தடவை கேட்டும் பிடிபடாதது அது. வக்கீலுக்குக் கேட்கவில்லை, தீர்ப்பாயத் தலைவருக்குக் கேட்கவில்லை. நடுக்கத்தை மட்டும் தேடிய மெஷினுக்கு மேளம் என்றால் என்ன என்றே தெரியாது. நடந்ததை ஒன்றுவிடாமல் அவளிடம் சொன்னார்.

"தெரிஞ்சும் நான் வாயத் தொறக்கல" என்றாள் சங்கரவடிவு. "ஒங்களக் குத்தம் சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கு."

"வடிவு..."

"டீ ஆறிப்போகுது, குடிங்க."

மூன்று மாதம் கழித்து ஆலை நிர்வாகம் மறுசீராய்வு மனு போட்டது. கூடவே ஒரு பதிவையும் வைத்தது. இசக்கிப்பாண்டி ஆஸ்பத்திரியில் இருந்த ஆறாம் நாள், பிற்பகல் மூன்று மணி. அதே குரல். 'அலாரத்த நாந்தான் அமத்துனேன், சார். மன்னிச்சிருங்க.' மெஷின் ஓட்டிப் பார்த்தார்கள். நாடி பொருந்துகிறது.

செய்தி ஊருக்குள் வந்த அன்றே, தண்ணீர்க் குழாயடியில் வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி பிரமாச்சி சொன்னாளாம்: "ஒரு வாய்க்கு ரெண்டு பேச்சு. புருசன் என் தாலிய அறுத்தான், பெண்டாட்டி கோர்ட்டுல நாடகம் ஆடுதா." சங்கரவடிவு குடத்தை வைத்துவிட்டு வந்துவிட்டாள். பின்பு தண்ணீர் பிடிக்க வெயில் ஏறி, குழாயடியில் ஆள் ஓய்ந்த பிறகுதான் போனாள்.

ரஹ்மத் நிஷாவின் அலுவலகத்தில் மூவரும் உட்கார்ந்து அந்தப் பதிவைக் கேட்டார்கள்.

"ஆறாம் நாளு மூணு மணிக்கு நான் அவிய கால்மாட்டுலதான் இருந்தேன்" என்றாள் சங்கரவடிவு. "யாரும் வரல. அன்னைக்கு அவிய பேசவும் இல்ல. வெளிய போக என்னிய விடவும் இல்ல, கையப் பிடிச்சுக்கிட்டே கிடந்தாவ."

"நீங்க சொல்லுறது எனக்கு உண்மைன்னு தெரியும், வடிவுக்கா. ஆனா அத எழுதிக்க மாட்டாங்க. நாடி இருக்குற பதிவு முன்னால வாய்ச்சொல்லு நிக்காது."

"குரலச் சமைச்சுட்டு, அந்த நாடிய அடியில ஒட்ட வைக்க முடியும், வக்கீலம்மா" என்றார் ஆவுடையப்பன். "ஒட்ட வச்சவன் ஒருத்தன எனக்குத் தெரியும்."

ரஹ்மத் நிஷா சட்டென்று நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "அண்ணாச்சி, நீங்க இப்ப எதுவும் சொல்லல. எனக்கும் காது கேக்கல. அத நீங்க கோர்ட்டுல சொன்னா ரெண்டு பதிவும் போகும். ஜெயிச்ச தீர்ப்பும் போகும், உங்க உரிமமும் போகும். நீங்களும் உள்ள போவீங்க."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி, செத்தவர் ரெண்டு விதமாப் பேசுன பொய்யர்னு ஆகும். அவ்வளவுதான்."

ஆவுடையப்பன் சங்கரவடிவைப் பார்த்தார். தன் உரிமம் போவது அவர் விஷயம். ஆனால் அவள் கையிலிருக்கும் ஒரே தீர்ப்பைப் பிடுங்கிப்போட அவருக்கு உரிமை இல்லை. அதை அவள்தான் சொல்ல வேண்டும்.

சங்கரவடிவு முந்தானை ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "மேளச் சத்தத்தோட கிடைச்ச தீர்ப்பு, அண்ணாச்சி" என்றாள் கடைசியில். "அத வச்சு நான் தெருவுல நிமிந்து நடந்துரல. ஆனா அவிய சொல்லாத ஒரு சொல்ல அவிய வாயில திணிச்சிருக்கானுவ. அது எடுபடணும். எது போனாலும் போவட்டும். நீங்க சொல்லுங்க."

*

ஆவுடையப்பன் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி எடுத்துக்கொண்டு போனார். எத்தனை மணிக்கு எந்தப் பிளக்கில் எது மாட்டப்பட்டது, எந்த முனையில் எர்த் வெட்டப்பட்டது, கல்யாணப் பதிவில் எந்த நிமிஷம் எடுக்கப்பட்டது. கூண்டில் நின்று அதைப் படித்தார். ஆலை வக்கீல் இரண்டு தடவை குறுக்கிட்டார்.

"சாட்சி தன் கற்பனையைப் படிக்கிறார்."

"கற்பனை இல்லங்க. மூணு பதிவும் கொண்டு வந்திருக்கேன். நான் பிடிச்சது, கல்யாணத்துல பிடிச்சது, ரெண்டையும் சேத்து நான் கோர்ட்டுக்குக் குடுத்தது. ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணாப் போட்டுக் கேளுங்க. மெஷின் வேண்டாம். காதால கேளுங்க."

தீர்ப்பாயத் தலைவர் வயதானவர். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். மூன்றாவது பதிவு ஓடும்போது, ஓரிடத்தில் அவர் புருவம் சுருங்கியது. கையை உயர்த்தி, அதே இடத்தைத் திரும்பப் போடச் சொன்னார். மூன்று தடவை கேட்டார்.

"நாகசுரம்" என்றார்.

"ஆமாங்கய்யா."

"போன தடவை எனக்கு இது கேக்கலையே."

"போன தடவ மெஷின் கேட்டுச்சுங்கய்யா. நீங்க மெஷினோட பதிலக் கேட்டிய."

தலைவர் ஹெட்போனைக் கழற்றிக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு எழுத்தரைப் பார்த்து நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார். நாடி ஒட்டவைக்கப்படக் கூடியது என்று ஐயத்துக்கு இடமின்றி காட்டப்பட்டிருக்கிறது. ஆகவே இரு தரப்புப் பதிவுகளும் தள்ளப்படுகின்றன. முந்தைய தீர்ப்பு ரத்தாகிறது. இறந்தவர் இந்த வழக்கில் எதுவும் கூறியதாகக் கொள்வதற்கில்லை. அலாரத்தை அமர்த்தியது யார் என்று கண்டறிய இயலவில்லை. சாட்சி ஆவுடையப்பன்மீது சான்றுத் திருத்தக் குற்றத்துக்கு வழக்குப் பதியப்படும்.

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது தலைவர் அவரைப் பார்க்கவில்லை.

வெளியே வராந்தாவில் ஒரு நீண்ட பெஞ்சு. ஒரு போலீஸ்காரர் ஆவுடையப்பனின் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் எல்லாம் தூணோரம் நின்று எழுதிக்கொண்டிருந்தார். பெஞ்சின் ஒரு கோடியில் பிரமாச்சி உட்கார்ந்திருந்தாள். செத்த சின்னத்தம்பியின் மனைவி என்ற முறையில் அவளுக்கும் சம்மன் போயிருந்தது. ஆனால் இந்த வழக்கில் இதுவரை ஒரு தடவைகூட யாரும் அவளைக் கூண்டில் ஏற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. சங்கரவடிவு அவளைத் தாண்டிப் படிப்பக்கம் போனாள்.

"ஏளா, வடிவு."

சங்கரவடிவு நின்றாள். அந்த வாயிலிருந்து தன் பெயர் வந்து ஐந்து மாதத்துக்குமேல் ஆகியிருந்தது.

"அந்த மேளச் சத்தமெல்லாம் எனக்கு வெளங்கல" என்றாள் பிரமாச்சி, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே. "மெஷினுவ பொய்யின்னு ஆயிப்போச்சு. சரி. வீட்டுல வச்சு ஒன் வீட்டுக்காரரு ஒங்கிட்ட என்னதான் சொன்னாரு? அன்னைக்கு நடந்தத."

"நான் சொன்னா நீ நம்பவா போற?"

"நீ சொல்லு. நம்புததும் நம்பாததும் என் பாடு."

சங்கரவடிவு நின்றபடியே யோசித்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை போலிருந்தது. "ரெண்டு ராத்திரி கொஞ்சம் கொஞ்சமாச் சொன்னாவ. எது முன்ன எது பின்னன்னு கெடயாது. மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட உக்காந்தாவளாம். ஒங்க வீட்டுக்காரரு அன்னைக்குச் சோத்துப்போணி கொண்டாரலையாம். 'ஏன்டே'ன்னு கேட்டதுக்கு, பசியில்லன்னாராம். இவிய விடாம, தன் போணி மூடியில பாதிச் சோத்த வச்சுக் குடுத்தாவளாம். புளிக்கொழம்பு. திங்கத் திங்க ஒங்க வீட்டுக்காரரு ஒரு வார்த்தையும் பேசலையாம். அதுக்கப்பொறம்தான் மேனேஜரு ஆளு வந்து..."

அவள் நிறுத்திவிட்டாள். பிரமாச்சியின் முகம் அவளை நிறுத்த வைத்தது.

போலீஸ்காரரின் பேனாவும் நின்றிருந்தது.

"காலம்பற சண்ட" என்றாள் பிரமாச்சி. "சவம், ஒண்ணுமில்லாத விசயத்துக்குச் சண்ட. கோவத்துல போணிய வாசப்படியிலயே வச்சுட்டுப் போயிட்டாரு. சேதி வந்தப்ப அது அங்கனயே இருந்துச்சு. வெறும் வயித்தோட செத்தாருன்னு... நான் எங்கம்மைட்டகூடச் சொல்லல இத. ஒருத்தர்ட்டயும் சொல்லல."

உள்ளே அடுத்த வழக்குக்குப் பெயர் கூப்பிட்டார்கள்.

"போவமா, அண்ணாச்சி?" என்றார் போலீஸ்காரர் மெல்லிய குரலில்.

"செத்த நேரம், சார்" என்றார் ஆவுடையப்பன்.

பிரமாச்சி பக்கத்தில் வைத்திருந்த துணிப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விழுந்தது.

"உக்காரு" என்றாள். "மேனேஜரு ஆளு வந்து? மேல சொல்லு."